ஓடை தாண்டிய மூஸ்

முப்பத்தெட்டாம் நாள் காலையிலும் மைரன் முதலில் செய்த வேலை, எதிர்க்கரையில் புகை வருகிறதா என்று பார்த்ததுதான். வந்தது. லெசியா எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் முகம் கழுவினான், கேமராவுக்கு வணக்கம் சொன்னான், தன் அடுப்பில் சுள்ளி வைத்தான்.

எதிர்க்கரையில் இருப்பது லெசியாதான் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. 'உறைபனி வரை' நிகழ்ச்சியின் விதிப்புத்தகம் நாற்பத்தொரு பக்கம். பக்கத்து நிலத்தில் யார் என்று கேட்பதே அதில் குற்றம். மூன்றுவிரல் ஏரியைச் சுற்றிப் பத்துப் பேரைப் பத்து இடத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வில், ஒன்பது அம்பு, ஒரு கோடரி, ஒரு சட்டி, இரண்டு கேமரா. கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்குப் பரிசு. ஊரெல்லாம் வயிறு நிறையத் தின்றுவிட்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு, பத்துப் பேர் பட்டினி கிடப்பதைப் பார்க்கும் நிகழ்ச்சி அது. பார்ப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மைரனும் லெசியாவும்கூட அப்படிச் சாய்ந்து பார்த்தவர்கள்தான்.

யாரும் சொல்லாவிட்டால் என்ன? பதினொரு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவனுக்கு மனைவி விறகு பிளக்கும் சத்தம் தெரியாமலா போகும்? டக், டக், பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் அவள் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்வாள். அடுத்தது ஒரே போடு. இரண்டாம் நாளே கண்டுகொண்டான். அன்றைக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்து அழுதான். வீட்டு நினைப்பு என்று சொல்லிச் சமாளித்தான். அது முழுப் பொய்யும் இல்லை.

இரண்டு வருஷமாக அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்தது இதுதான். லெசியாவின் அம்மா ஓல்கா ஒரு பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். அவர்கள் உக்ரைனிலிருந்து வந்து கனடாவின் கோதுமைச் சமவெளியில் மூன்று தலைமுறையாக வேர்விட்ட குடும்பம். செத்தவரின் உயிர் நாற்பது நாள் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், நாற்பதாம் நாள் மாதாகோயிலில் பிரார்த்தனை செய்து வழியனுப்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மைரனும் அதே வழக்கத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் அவன் பொறுக்காதவன். கையில் வேலை இல்லாமல் துக்கத்தோடு உட்கார அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நாள், லெசியா தன் தங்கை வீட்டில் படுத்திருந்தபோது, அவளுக்கு அந்த வேதனை மிச்சமாகட்டும் என்று இவன் போய் மாமியார் வீட்டைக் காலி செய்தான். துணிமணி கோயிலுக்கு. கட்டில் அடுத்த வீட்டுக்கு. நாற்காலிகள் பள்ளிக்கூடத்துக்கு. உறைபெட்டியில் ஓல்கா தன் கையால் மடித்து வைத்திருந்த பெரோகி எட்டுப் பை. உருளைக்கிழங்கை உள்ளே வைத்துக் கொழுக்கட்டை போல மடிப்பார்கள். அதையும் கோயில் சமையலறைக்குக் கொடுத்துவிட்டான். தரையைக்கூடத் துடைத்தான், பாவி.

லெசியா வந்து வாசலில் நின்றாள். வெறும் வீடு எதிரொலித்தது.

"அம்மா இன்னும் இருபத்தெட்டு நாள் இங்க இருப்பாங்களே," என்றாள். "எங்க உக்காருவாங்க?"

அதுதான் அவள் அவனிடம் பேசிய கடைசி வார்த்தை. தங்கை வீட்டோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மைரன் அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். கடிதம் எழுதினான். போனில் அழுதான். அவள் வேலை செய்யும் இடத்தில் போய் நின்றான். மன்னிப்பையும் அவன் அவசரமாகத்தான் கேட்டான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, இவன் ஆக்கவும் பொறுக்காதவன். கதவு திறக்கவே இல்லை.

நிகழ்ச்சிக்கான விண்ணப்பத்தை மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் சமையலறை மேசையில் இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே நிரப்பியிருந்தார்கள். அழைப்பு வந்தபோது இரண்டு பேரும் இரண்டு வீட்டில் இருந்தார்கள். பிரிந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஏரியில் என்றதும் தயாரிப்பாளருக்கு வாயெல்லாம் பல். மைரன் பரிசுக்காக வருவதாகத்தான் எல்லாரிடமும் சொன்னான். உண்மையில் அவள் வருகிறாள் என்பதற்காகத்தான் வந்தான். எங்காவது, எப்படியாவது, ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. பசியைவிட அது பெரிதாக இருந்தது.

ஆனால் பயிற்சி முகாமில், பத்துப் பேர் முன்னால், எதற்காக வந்தாய் என்று கேட்டபோது லெசியா சொன்ன பதில் அவன் காதிலும் விழுந்தது. "ஒரே ஒரு விஷயத்தையாவது நான் ஆரம்பிச்சு நானே முடிக்கணும். நடுவுல யாரும் வந்து, உன் நல்லதுக்குன்னு சொல்லி, என் கையிலேர்ந்து பிடுங்கக் கூடாது."

அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

இருவர் நிலத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. கல் விட்டால் எட்டும் அகலம், இடுப்பளவு தண்ணீர். அந்தப் பக்கத்து மரங்களில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. தாண்டினால் தாண்டியவர் வெளியே. இரண்டு போட்டியாளர்கள் சந்தித்தாலோ, பேசினாலோ, கை காட்டினாலோ இரண்டு பேருமே வெளியே. அதனால் முப்பத்தெட்டு நாளும் மைரன் ஓடைப் பக்கம் மரங்களுக்குப் பின்னாலேயே நடமாடினான். அவள் கண்ணில் தான் பட்டுத் தொலைத்து, அவள் ஆட்டமும் போய்விடக் கூடாது. அவனுக்கு அது பெரிய தவம்தான்.

அன்று காலை வேட்டைக்கு உட்கார்ந்தான். பதினாலு கிலோ இளைத்திருந்தான். முயல் கண்ணி காலி. மீன் ஆழத்துக்குப் போய்விட்டது. இனி மூஸ் ஒன்று விழுந்தால்தான் உண்டு. மூஸ் என்றால் சாதாரண மானில்லை. குதிரையைவிட உயரம், கொம்பு விரித்தால் ஒரு வாசற்கதவு. ஒரு ஆளுக்கு ஒன்றுதான் அனுமதி. வேட்டை முழுதும் படத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தாலும் செல்லாது.

அவன் கேமராவை நிறுத்தினான். அதற்கு ஒற்றைக்கண்ணன் என்று பெயர் வைத்திருந்தான். "ஒற்றைக்கண்ணா, இன்னிக்காவது நல்லதைப் பாரு," என்று முணுமுணுத்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துப் பெண் மூஸைப் போல நீளமாக முனகினான். சட்டியில் தண்ணீரை மொண்டு, ஓடையோரத்தில் உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றினான். பெண் மூஸ் மூத்திரம் பெய்கிற சத்தம் அது. அந்த வடக்கத்திக் காட்டில் மானமுள்ள எந்த வேட்டைக்காரனும் இதைச் செய்யக் கூச்சப்பட மாட்டான்.

வந்தது. புதரை உடைத்துக்கொண்டு, மூக்கை நீட்டிக்கொண்டு, காதல் மயக்கத்தில் வந்தது. இருபத்திரண்டு அடித் தூரம். மைரன் நாணை இழுத்தான், விட்டான். விட்ட அந்த நொடியில் மூஸ் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தது. நெஞ்சுக்குப் போக வேண்டிய அம்பு விலாவுக்குப் பின்னால் இறங்கியது.

வயிறு.

வில் எடுத்த எவருக்கும் இது பாலபாடம். நெஞ்சில் பட்டால் அரைமணி பொறு. வயிற்றில் பட்டால் ஆறு மணி நேரமாவது அசையாதே. அடிபட்ட மிருகம் தூரப் போகாது. பக்கத்திலேயே ஒரு புதரில் படுத்துக்கொள்ளும். துரத்துகிறவன் இல்லையென்று தெரிந்தால் படுத்த இடத்திலேயே அடங்கிவிடும். நீ போய் எழுப்பினால், மிச்ச உயிரையெல்லாம் காலில் வைத்துக்கொண்டு உன் கைக்கு எட்டாத இடத்துக்கு ஓடும். இதை லெசியா எத்தனை தடவை அவனுக்குச் சொல்லியிருப்பாள். அவர்கள் சேர்ந்து வேட்டைக்குப் போன காலத்தில், அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, நேரத்தைக் கடத்துபவள் அவள்தான்.

சட்டையைப் பிடிக்க இப்போது ஆளில்லை. மைரன் உட்கார்ந்தான். இருபது நிமிஷம் உட்கார்ந்தான். பிறகு, அம்பு விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருவோம் என்று தன்னிடமே ஒரு சாக்குச் சொல்லிவிட்டு எழுந்தான்.

நாற்பது அடி போயிருப்பான். புதருக்குள் படுத்திருந்த மூஸ் எழுந்தது. தலையைத் திருப்பி அவனை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நேராக ஓடையில் இறங்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டு அக்கரை ஏறி, சிவப்பு நாடா கட்டிய மரங்களுக்குள் போய்விட்டது.

மைரன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தான். அடிபட்ட மிருகம் தப்பினால் உடனே சொல்ல வேண்டும். அது நிகழ்ச்சியின் விதியல்ல, மாகாணத்தின் வேட்டைச் சட்டம். அதற்கென்று நிகழ்ச்சியில் வெர்னா சார்லஸ் இருந்தார். க்ரீ பழங்குடிப் பெண்மணி, அந்த ஏரிப் பக்கத்திலேயே பிறந்தவர், முப்பது வருஷம் வேட்டை அதிகாரியாக இருந்தவர்.

"எங்க பட்டுச்சு?" என்றார் வெர்னா.

"பின்னால. வயித்துல."

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?"

மைரன் வில்லின் நாணைக் கழற்றினான்.

"தம்பி, கேமராவைப் போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும். நீயே சொல்லிடு, மரியாதையா இருக்கும்."

"இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷமா! நான் முட்டை வேக வைக்கவே பன்னெண்டு நிமிஷம் எடுத்துப்பேன். உன்னையெல்லாம் எவன்யா இந்த நிகழ்ச்சிக்குப் பொறுக்கினான்?"

"திட்டி முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. மீதியை நேர்ல வச்சுக்கறேன். இப்போ கேளு. சட்டம் என்னன்னா, அடிபட்டதை யாராவது தேடியே ஆகணும், அழுக விடக் கூடாது. அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நீ என்கூட அந்தப் பக்கம் வா. நான் கூட இருந்தா அது சந்திப்புங்கற கணக்குல வராது, அவளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நாடாவைத் தாண்டினதால நீ வெளிய. மூஸைக் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம். இறைச்சி போட்டியில இருக்கறவங்களுக்குக் கிடையாது, எங்க ஊர் முதியோர் இல்லத்துக்குப் போகும்."

"அந்த நிலத்துக்காரங்க?"

"கூட நிப்பா. அவ நிலம், அவ கேமரா." என்றார் வெர்னா. "அது யாருன்னு நான் சொல்லக் கூடாது. நீயும் கேக்கலை."

"நான் கேக்கலை," என்றான் மைரன். "பேச முடியுமா?"

"வாய் இருக்கறவங்க பேசுவாங்க. நான் என்ன பூட்டா போட முடியும்?"

"ரெண்டாவது வழி?"

"நீ உன் இடத்துல உக்காந்துடு. நான் அவகிட்டச் சொல்லுவேன். அவ தேடுவா. கிடைச்சா அது அவ பங்குல சேரும், இறைச்சி மொத்தமும் அவளுது. உனக்கு ஒரு துண்டு எலும்பு கிடையாது. உன் அம்பு ரத்தம் பாத்துட்டதால இந்த வருஷம் உனக்கு வேற மூஸும் கிடையாது. எப்படியும் ரெண்டு மணிவரைக்கும் யாரும் அந்தப் பக்கம் காலை வைக்கக் கூடாது. ரெண்டு மணிக்குக் கூப்பிடறேன். அதுவரைக்கும் உக்காரு. இந்தத் தடவையாவது உக்காரு."

மைரன் உட்கார்ந்தான் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் மூட்டையைக் கட்டினான். படுக்கைப் பையைச் சுருட்டினான். தாடியைத் தண்ணீர் தொட்டுச் சீவினான். இரண்டு வருஷமாகத் திறக்காத கதவு இரண்டு மணிக்குத் திறக்கப் போகிறது. இனி இந்த ஏரி யாருக்கு வேண்டும்? பரிசு யாருக்கு வேண்டும்? அவள் எதிரில் நிற்பாள். ஓடிப்போகவும் முடியாது, அவள் நிலம் அது. என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்ததுகூட அவனுக்கு நினைவில்லை.

"லெசியா, நான் உனக்கு நல்லது பண்றதா நினைச்சுதான்..." என்று ஆரம்பித்தான். சரியில்லை. "லெசியா, ஒரு அஞ்சு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு." அதுவும் சரியில்லை.

ஏழெட்டுத் தடவை ஆரம்பித்த பிறகு, தான் பேசும்போது அவள் எப்படி நிற்பாள் என்பது அவன் கண்ணில் வந்தது. அவளும் முப்பத்தெட்டு நாள் பட்டினிதானே? இரண்டு நாளாகக் கோடரிச் சத்தத்தில் அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனதை அவன் கேட்டிருந்தான். அவள் கால் தள்ளாடி நிற்பாள். அவள் நிலத்தில் விழுந்த முன்னூறு கிலோ இறைச்சியை, அவள் கண்ணெதிரே, ஆட்கள் வந்து துண்டு போட்டுப் படகில் ஏற்றுவார்கள். இவன் அந்தப் பக்கமாக நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். மறுபடியும் அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு, அதற்கு நடுவில் நின்று கெஞ்சப் போகிறான்.

அவன் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்தான். ஒரு பக்கம் அவள் முகம், ஒரு பக்கம் இறைச்சி. கொஞ்ச நேரம் வாய்விட்டே அழுதான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது.

"என்ன சொல்றே?"

"நான் உக்காந்துக்கறேன், வெர்னா."

"சரி," என்றார் வெர்னா. திட்டுவதாகச் சொன்ன மீதியை அவர் பிறகு திட்டவே இல்லை.

மதியத்துக்குமேல் ஒரு படகுச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மாலையில் எதிர்க்கரையில் ஒரு புகைக்குப் பதில் மூன்று புகை எழுந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது இறைச்சி வாட்டும் வாசனை வந்தது. மைரன் ஓர் அணிலை வேக வைத்துத் தின்றுகொண்டிருந்தான். அந்த வாசனையைத் தொட்டுக்கொண்டு தின்றான் என்றுதான் சொல்ல வேண்டும். வயிறு கேட்டுக்கொண்டே இருந்தது. மனசுக்கு மட்டும் எதுவோ இறங்கிய மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, அவன் கண்ணியைப் பார்க்கப் போனபோது, ஓடைக்கு அந்தப் பக்கம் புதருக்குள்ளிருந்து குரல் கேட்டது. முகாமுக்குப் பிறகு இப்போதுதான் அந்தக் குரல். மைரன் இருந்த இடத்திலேயே மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டான்.

அவள் அவனோடு பேசவில்லை. கேமராவோடு பேசினாள். போட்டியாளர்கள் தினமும் கேமராவோடு பேசியே ஆக வேண்டும், அது விதி. எந்த இடத்தில் நின்று பேச வேண்டும் என்று மட்டும் நாற்பத்தொரு பக்கத்தில் எங்கேயும் எழுத மறந்துவிட்டார்கள். எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதையும் எழுதவில்லை.

"கேட்டியாடி, கண்ணாடிக்காரி," என்று லெசியா தன் கேமராவிடம் உரக்கச் சொன்னாள். "நேத்து எனக்கு ஒரு மூஸ் கிடைச்சுது. தண்ணியிலேர்ந்து ஏறினது ஓட்டமா ஓடியிருக்கு. குளம்புத் தடமெல்லாம் விரிஞ்சு கிடக்கு. அப்போ யாரோ மடையன் அந்தப் பக்கத்துல அதைக் கிளப்பி விட்டிருக்கான்."

மைரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆனா அம்பது அடி தள்ளி நடந்து போயிருக்கு. அப்புறம் படுத்திருக்கு. படுத்த இடத்துலயே கண்ணை மூடியிருக்கு. ஒரு தடவைகூட எழுந்திருக்கலை. ரொம்ப நேரம் நான் அந்த இடத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு தடவை எழுப்பினவன், ரெண்டாவது தடவை விட்டுட்டான். அம்பு யாருதுன்னு எனக்குத் தெரியும்டி. அம்பு வால்ல இறகை அப்படி ஒட்டக் கத்துக்கொடுத்ததே நான்தான். அதனாலதான் நம்ப முடியலை."

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அழுகிறாளா, மூக்கு ஒழுகுகிறதா என்று தெரியவில்லை. குளிரில் இரண்டும் ஒரே சத்தம்தான்.

"ரெண்டு வருஷமா ஒரு ஆள் என் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தான். ஒரே ஒரு மாசம் தட்டாம இருந்திருந்தா, நானே திறந்து எட்டிப் பாத்திருப்பேன், எங்கடா காணோம்னு. காயம்பட்ட எதுவும் முதல்ல படுக்கணும்டி. படுக்க விட்டாத்தானே?" அவள் குரல் தழைந்தது. "இங்க அவன் முப்பத்தெட்டு நாள் எதிர்லயே இருந்தான். வரலை. காலையில கண்ணு முழிச்சதும் அந்தப் புகை இருக்கான்னுதான் பாக்கறேன். இருந்தா அன்னிக்கு வேலை ஓடுது. அது நின்னுபோனா கஷ்டமா இருக்கும். சரி, போதும் வா. இறைச்சி கரியாகிடும்."

போய்விட்டாள். மைரனின் வாயில் ஆயிரம் வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. அவனிடமும் கேமரா இருந்தது. அவனும் உரக்கப் பேசலாம், விதி தடுக்கவில்லை. ஒற்றைக்கண்ணனை ஓட விட்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். அன்றைய ஒளிப்பதிவில் ஒரு தாடிக்காரன் பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் இருக்கும். படத்தொகுப்பாளர்கள் அதை வெட்டி எறிந்திருப்பார்கள்.

அன்றிலிருந்து மைரனுக்கு ஒரே ஒரு வேலைதான். காலையில் புகை எழுப்புவது. சாப்பிட ஏதும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுப்பு எரிந்தது. உலர்ந்த சுள்ளிமேல் பச்சைத் தழையைப் போட்டு, புகை நன்றாகத் தெரியும்படி எரித்தான். நிமிர்ந்தால் கண் இருண்டது. மரப்பட்டையைக் காய்ச்சிக் குடித்தான். பாறையில் ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்றான். மீன் கிடைத்த நாளில் முள்ளையும் விடவில்லை. விறகு கொண்டுவர மூன்று தடவை உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. எதிர்க்கரையில் இப்போது கோடரி பழைய வேகத்தில் விழுந்தது. அவள் சாப்பிடுகிறாள். அந்தச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவனுக்கு அங்கே ஓட வேண்டும்போல இருக்கும். அதே சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடாமலும் இருந்தான்.

ஐம்பத்தோராம் நாள் வெர்னா எடை பார்க்கும் தராசோடு படகில் வந்தார். ஓடையின் ஓரங்களில் பனிக்கட்டி கட்டியிருந்தது. அவனை ஏற்றி நிறுத்தினார். எண்ணைப் பார்த்தார். மறுபடி ஏற்றி நிறுத்தினார்.

"தராசுல கோளாறு இல்ல, தம்பி. உன்கிட்டதான் ஒண்ணும் மிச்சமில்ல. டாக்டர் போட்ட கோட்டுக்கு மூணு கிலோ கீழ போயிட்டே. கிளம்பு."

"இன்னும் ஒரு நாலு நாள்..."

"பொணத்தை ஏத்திக்கிட்டுப் போற படகு இல்ல இது."

"அந்தப் புகை," என்றான் மைரன். மேலே சொல்லத் தெரியாமல் அடுப்பைக் காட்டினான். "அது அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டுமே. தானா அணையட்டும்."

"காட்டுல தீயை விட்டுட்டுப் போக நான் விடுவேனா? உன் கையாலயே அணை. நானும் விதியைப் பாத்துத்தானே சம்பளம் வாங்கறேன்."

அவன் சட்டியில் தண்ணீர் மொண்டு வந்தான். பாதி வழியில் ஒரு தடவை உட்கார்ந்தான். ஊற்றினான். உஸ்ஸென்று ஒரு வெள்ளை ஆவி மரத்துக்குமேல் எழும்பியது. பிறகு ஒன்றும் இல்லை. சாம்பலைக் கையால் கிளறி, சூடில்லை என்று வெர்னாவிடம் காட்டினான்.

வெர்னா அவனைத் தாங்கிப் பிடித்துப் படகில் உட்கார வைத்தார். மோட்டாரை இழுக்கப் போனவர் நிறுத்தினார். அக்கரையில் சருகு மிதிபடும் சத்தம். யாரோ ஓடி வந்து, புதருக்குப் பின்னால் மூச்சிரைக்க நின்றார்கள்.

"திரும்பாதே," என்றார் வெர்னா தணிந்த குரலில். "நீ வெளிய போயாச்சு. ஆனா அவ இன்னும் உள்ள இருக்கா. வெளியாளோட பேசினான்னு யாராவது எழுதினா அவளும் போயிடுவா."

மைரன் தலையாட்டினான். படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்தான். இருபது அடிக்குப் பின்னால் அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு வருஷமும் ஐம்பத்தோரு நாளும் அவன் ஏங்கிய முகம், திரும்பினால் போதும், அங்கே இருக்கிறது.

"அடியே கண்ணாடிக்காரி," என்றாள் லெசியா. மூச்சு அடங்காமல் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. "எதிர்ல ஒரு ஆள் ஊருக்குப் போறான் போல. போற ஆள்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்ல முடியாது. உன்கிட்டச் சொல்றேன், நீ கேளு. எங்க அம்மா வீட்டைச் சூடா வச்சிருக்கற விறகு அடுப்பை அடுத்த வீட்டு ஸ்டெஃப்கோதான் பாத்துக்கறான். நவம்பர் ஒண்ணாந்தேதி அவன் மக வீட்டுக்குப் போயிடுவான். அப்புறம் விறகு போட ஆளில்ல. குழாயில தண்ணி உறைஞ்சு வெடிச்சுடும்."

வெர்னா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது போய் இருக்கணும். எதையும் வாங்கி வைக்க வேணாம். பெயிண்ட் அடிக்க வேணாம். என்னைத் தேடவும் வேணாம். நான் எப்போ முடிச்சிட்டு வருவேன்னு தெரியாது. முடிச்சாலும் உடனே வருவேனான்னு தெரியாது. சும்மா அடுப்பை அணைய விடாம, அந்த வீட்டுல உக்காந்திருக்கணும். அந்த ஆளால முடியுமாடி?"

மைரனின் உதடு பிரிந்தது. முடியும் என்ற ஒரே ஒரு சொல். அதைப் பல்லுக்குள் வைத்துக் கடித்தான். கண்ணிலிருந்து வழிந்தது தாடிக்குள் போயிற்று. தலையைக்கூட அசைக்கவில்லை, அசைத்தால் அதுவும் ஜாடை ஆகிவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அவள் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். குரலில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. "கேட்டுடுச்சு."

வெர்னா மோட்டாரை இழுத்தார். படகு வளைவு திரும்பி, ஓடையும் நாடா கட்டிய மரங்களும் மறைந்து வெகுநேரம் வரை மைரன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்க யாரோ பேசின மாதிரி இருந்துச்சே," என்றார் வெர்னா. "நீ ஏதாவது கேட்டியா?"

"இன்னிக்குத் தேதி என்ன?" என்றான் மைரன்.

"அக்டோபர் இருபது."

"ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாள் இருக்கு," என்றான் அவன். "மெதுவாவே போங்க."